சதுரங்கம்: பழைய முறையும் போட்டி முறையும்

சதுரங்கம் இந்தியாவில் தோன்றிய ஆட்டம். மலாய் மொழியில் 'சத்தூர்' என வழங்குவதும் அப்பெயரின் திரிபே. இதனை வீட்டுப் பெரியவர்களிடம் பழைய முறையில் கற்ற மாணவர்கள், போட்டி விதிகளை அறியாமல் வெற்றியை நழுவவிடக்கூடும்.

பலகையில் 64 கட்டங்கள் உண்டு; ஒவ்வொருவருக்கும் 16 காய்கள். வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் அமைய வேண்டும்.

கோட்டை நேராகவும் மந்திரி மூலைவாட்டிலும் செல்லும். அரசிக்கு இவ்விரு வழிகளும் உண்டு. அரசன் எத்திசையிலும் ஒரு கட்டமே நகர்வான். குதிரை இரண்டு கட்டம் நேரே சென்று, ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும். இடையிலுள்ள காய்களைத் தாண்டும். காலாள் முன்னோக்கி ஒரு கட்டம் நகரும். வெட்டும்போது மட்டும் மூலைவாட்டில் முன்னேறும்.

இனி வேறுபாடுகளைக் காண்போம். பழைய முறையில் காலாள் எப்போதும் ஒரு கட்டமே செல்லும். போட்டி முறையில் முதல் நகர்வில் இரண்டு கட்டமும் செல்லலாம். கடைசி வரிசையை அடைந்தால், விரும்பியவாறு அரசி, கோட்டை, மந்திரி, குதிரை ஆகியவற்றுள் ஒன்றாக மாறும்.

பழைய முறையில் அரசன் ஒருமுறை குதிரைபோல் பாயலாம். இப்போது அதற்கு இடமில்லை. அரசனும் கோட்டையும் அதுவரை நகராமல், இடையில் காயின்றி இருந்தால், அரசன் கோட்டைப் பக்கம் இரண்டு கட்டம் செல்வான். கோட்டை அவனுக்கு மறுபுறம் வந்து அமரும். அரசன் தாக்குதலில் இருக்கும்போதோ, தாக்கப்படும் கட்டத்தைக் கடந்தோ இவ்வாறு செய்தல் ஆகாது.

தாக்கப்பட்ட அரசனுக்குத் தப்ப வழியில்லையெனில் தோல்வி. தாக்கப்படாமலே நகர வழியற்றுப் போனால் ஆட்டம் சமன்; ஆதலால் வெல்லும் நிலையிலிருப்பவரும் விழிப்புடன் ஆடவேண்டும்.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதும் போட்டி விதியே. பெற்றோர்களே, வீட்டிலும் இவ்வாறே ஆடிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.