முகம் காட்டாமல் ஒரு வரலாறு

யாருடைய வாழ்க்கையைச் சொல்ல வந்ததோ, அவர் உருவமே படத்தில் கிடையாது. குரலும் கிடையாது. "அப்புறம் என்னத்த சார் எடுக்கிறது?" என்று கேட்டார், உதவி இயக்குநராக இருக்கும் நண்பர். டீ வரட்டும், சொல்கிறேன் என்றேன். நபிகள் நாயகத்தைப் பற்றிப் படமெடுக்கப் போனவர்கள் எல்லாரும் முட்டி நின்ற இடம் அது.

முதலில், இந்தத் தடை எங்கிருந்து வருகிறது? உருவம் வரையாதே என்று குர்ஆனில் நேரடியாக ஒரு வசனம் இல்லை. நபிமொழிகளான ஹதீஸ்களில் கண்டனம் உண்டு, கடுமையாகவே உண்டு. ஆனால் நடைமுறை எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸ் நகரில், ரஷீதுத்தீனின் உலக வரலாற்று நூலுக்குப் படம் வரைந்தவர்கள் நபியின் முகத்தையே தீட்டினார்கள். 1590-களில் உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராதுக்காக உருவான ஓவிய நூலில் முகத்தின்மேல் வெள்ளைத் திரை விழுந்துவிட்டது. தலையைச் சுற்றிப் பொன் சுடர் மட்டும் எரிகிறது. நம் உமறுப்புலவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. நபியின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தின் ஐயாயிரத்துச் சொச்சம் பாடல்களும் வெறும் சொல்தானே. படிப்பவர் மனத்தில் எழும் உருவம் அவரோடு போய்விடும்.

சினிமாவில் உருவம் அப்படிப் போகாது. நம் தாத்தா பாட்டிக்குக் கிருஷ்ணன் என்றால் என்.டி.ராமராவ் முகம்தான், 'மாயா பஜார்' பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். இந்து பக்தியில் அது குறையில்லை. இஸ்லாமிய அறிஞர்கள் அஞ்சுவது சரியாக அதைத்தான். ஒரு நடிகனின் முகம் நபியின் முகமாக ஒட்டிக்கொண்டால், நாளைக்கு அதே முகம் இன்னொரு படத்தில் குடித்துவிட்டுத் தள்ளாடும். 1926-இல் எகிப்திய நாடக நடிகர் யூசுஃப் வஹ்பி ஒரு படத்தில் நபியாக நடிக்க ஒப்புக்கொண்டார். கெய்ரோவின் அல் அஸ்ஹர் மார்க்கப் பல்கலைக்கழகம் கொதித்தது, அரண்மனையிலிருந்து மிரட்டல் வந்தது, வஹ்பி விலகிக்கொண்டார்.

அரை நூற்றாண்டு கழித்து வந்தவர் முஸ்தஃபா அக்காத். சிரியாவின் அலெப்போவில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்தவர். 'தி மெசேஜ்' படத்துக்கு முன்கூட்டியே அல் அஸ்ஹர் அறிஞர்களிடமும் லெபனானின் ஷீயா உயர் சபையிடமும் ஒப்புதல் வாங்கினார். அவர் ஏற்ற நிபந்தனை சாதாரணமானதல்ல. நபி தெரியக் கூடாது. அவர் மனைவியர், மகள்கள், மருமகன்கள், முதல் கலீஃபாக்கள், யாரும் தெரியக் கூடாது. கதையின் முக்கியமானவர்களில் பாதிப் பேர் கையைவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் சிறிய தந்தை ஹம்ஸா, விடுதலை பெற்ற அடிமை பிலால், நபி வளர்த்த ஸைத்; எதிர்ப்பக்கம் அபூ சுஃப்யானும் அவர் மனைவி ஹிந்தும். பத்ர் போரில் மருமகன் அலிக்குப் பதிலாக அவருடைய இரட்டை முனை வாள் மட்டும் வருகிறது.

நபி இருக்கும் காட்சிகளில் கேமராவே அவருடைய பார்வை. எதிரில் நிற்பவர் லென்ஸைப் பார்த்துப் பேசுவார். நபி சொன்ன பதிலை அவரே தம் வாயால் திருப்பிச் சொல்வார். பின்னால் மெல்லிய ஆர்கன் ஒலி. நியாயமான உத்தி, ஆனால் அடிக்கடி வரும்போது நாடகத்தனம் தட்டுகிறது என்பது என் எண்ணம்.

படம் உண்மையில் எழுந்து நிற்பது நபி பக்கத்திலேயே இல்லாத ஒரு காட்சியில். மக்காவின் கொடுமைக்குத் தப்பி அபிசீனியாவுக்கு ஓடிவந்தவர்களை ஒப்படைக்கும்படி குறைஷிக் குலத் தூதர்கள் வந்து நிற்கிறார்கள். மன்னர் நஜ்ஜாஷி கிறிஸ்தவர். ஓடிவந்தவர்களில் ஒருவரான ஜஅஃபர் எழுந்து, முன்பு தாங்கள் எப்படி வாழ்ந்தோம், இந்த மனிதர் வந்தபின் எப்படி மாறினோம் என்று சொல்கிறார்; குர்ஆனின் மர்யம் (மேரி) அத்தியாயத்தை ஓதுகிறார். மன்னர் கைக்கோலால் தரையில் ஒரு கோடு கிழித்து, நமக்குள் வேறுபாடு இந்தக் கோட்டளவுதான் என்கிறார். நண்பரிடம் நான் இதைத்தான் சொன்னேன்: கேமராவை நபியாக்கிய உத்தியைவிட, அவரால் மாறிப்போன ஆளைப் பேச விட்டதுதான் அக்காத் கண்ட நல்ல விடை.

இவ்வளவு பணிந்து எடுத்தும் அடி விழுந்தது. மொராக்கோவில் மக்காவையும் கஅபாவையும் செட் போட்டு ஆறு மாதம் படம்பிடித்த நிலையில், சவுதி அரேபியாவின் நெருக்கடியால் மன்னர் இரண்டாம் ஹசன் குழுவை வெளியேறச் சொன்னார். கடாஃபி லிபியாவில் இடம் கொடுத்தார். அல் அஸ்ஹரும் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. நபித்தோழர்களின் வேடத்தையும் நடிகர்கள் ஏற்கக் கூடாது என்ற கருத்து அங்கே வலுவானது. அக்காத்தோ ஹம்ஸாவை ஒன்றுக்கு இரண்டாகக் காட்டினார். ஆங்கிலப் பதிப்பில் ஆண்டனி குயின், அரபிப் பதிப்பில் அப்துல்லா கைத். ஒவ்வொரு காட்சியும் ஒரே செட்டில் இருமுறை. ஹிந்தாக வரும் மூனா வாஸிஃபுக்காகவே அரபிப் பதிப்பைப் பார்க்கலாம்.

1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதக்குழு ஒன்று மூன்று கட்டடங்களில் ஏறத்தாழ 150 பேரைப் பிணைபிடித்தது. ஒரு வானொலிச் செய்தியாளர் கொல்லப்பட்டார். அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. படத்தை அவர்கள் பார்த்திருக்கவே இல்லை. குயின் நபியாக நடித்திருக்கிறார் என்ற வதந்தி அப்போது உலவியது.

ஈரானின் மஜீத் மஜீதி 2015-இல் இன்னும் ஓரடி முன்னே போனார். நபியின் பிள்ளைப் பருவக் கதை. சிறுவனின் முதுகும் கூந்தலும் தெரியும், முகம் தெரியாது. ஷீயா மரபில் இதற்குக் கொஞ்சம் இடமுண்டு, ஸன்னி உலகம் ஏற்கவில்லை. இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் சேர்த்து மும்பையின் ரஸா அகாடமி என்ற அமைப்பு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வாங்கி வெளியிட்டது. தான் இயக்குநரோ தயாரிப்பாளரோ அல்ல என்று ரஹ்மான் பதில் எழுதினார். உனக்குத் திறமை கொடுத்தேனே, என் நபியின் படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று மறுமையில் இறைவன் கேட்டால் என்ன சொல்வேன் என்ற பொருளிலும் ஒரு வரி அதில் இருந்தது. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோவின் வெளிச்சம் அபாரம். ஆனால் ஜஅஃபரைப் போல ஓர் ஆள் அந்தப் படத்தில் இல்லை.

அக்காத் 2005-இல் ஜோர்தானின் அம்மான் குண்டுவெடிப்பில், மகளோடு சேர்ந்து உயிரிழந்தார். 2018 நோன்புப் பெருநாளின்போது, புதுப்பிக்கப்பட்ட 'தி மெசேஜ்' சவுதி அரேபியத் திரையரங்குகளில் வெளியானது.