கச்சேரிக்கு கீபோர்டு வாங்கப் போறீங்களா? இந்த 'வீல்' இருக்கான்னு முதல்ல பாருங்க!

மார்கழி வந்தாலே மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் களைகட்டிடும். வயலின், வீணை ஒலிக்கும் மேடைகளில் கீபோர்டும் இடம்பிடித்துவிட்டது. கர்நாடக இசையைக் கீபோர்டிலேயே வாசிக்கும் சென்னைக் கலைஞர் கே.சத்தியநாராயணன் இதற்கு நல்ல உதாரணம். ஆனால், எந்த கீபோர்டு வாங்கினாலும் கர்நாடக இசை வாசித்துவிட முடியாது. ஏன்?

கமகம்தான் சிக்கல்

கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். இரண்டு கட்டைக்கு நடுவே எதுவும் கிடையாது. கர்நாடக இசைக்கு உயிரே சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகம்தான். ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடை போட்டிருந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

என்னென்ன பார்க்கணும்?

பிட்ச் பெண்ட் வீல்: வலது கை கட்டைகளில், இடது கை இந்த வீலில். அதைத் தள்ளினால் சுரம் வளையும், கமகம் வரும். விலை குறைந்த பல கீபோர்டுகளில் இது இருக்காது. எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பதை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

டிரான்ஸ்போஸ்: பாடகர் 1 கட்டையோ 5 கட்டையோ, ஒரு பட்டனில் சுருதியை மாற்றிவிடலாம்.

தனி சுருதிப் பெட்டி: பொதுவாக வீலைத் திருப்பினால் ஒலிக்கிற எல்லா சுரமும் சேர்ந்தே வளையும். அதனால் தம்பூரா சுருதியைக் கீபோர்டிலேயே வைக்காதீங்க.

லைன் அவுட்: சபா மைக் செட்டில் நேரடியாக இணைக்க இது வசதி.

லேப்டாப்பில் வாசிப்பவர்கள் கவனத்துக்கு: கட்டையை அழுத்தியதும் சத்தம் வரணும். தாமதம் 10 மில்லி விநாடியைத் தாண்டினால், மிருதங்கத்தோடு தாளம் ஒட்டாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் தாமதம் குறையும்.

கட்டையே இல்லாத கருவி

ஏ.ஆர்.ரஹ்மான் 'டெல்லி 6' (2009) படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் வாசித்த 'கன்டினுவம்' கருவியில் கட்டைகளே இல்லை. விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும். ஆனால் விலை அதிகம். புதிதாகக் கற்பவர்களுக்கு வீல் உள்ள கீபோர்டே போதும்.

கடையில் டெமோ பாட்டைக் கேட்டு மயங்கிடாதீங்க. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்க. அது சரியாக வந்தால், பில் போடச் சொல்லலாம்!