மண் தரையிலிருந்து டைல்ஸ் தரைக்கு: கொல்லிமலை வீடும் ரேடானும்

கொல்லிமலையில் ஊராட்சிகளை இன்றும் ‘நாடு’ என்றுதான் அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட நாடுகளில் ஒன்று குண்டனி நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டு நிலம் இது. மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே வீடு என்றால் மண் சுவர், புல் கூரை, சாணம் மெழுகிய தரை. வாசல் தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் பெரும்பாலும் கிடையாது. அடுப்பு வீட்டுக்குள்ளேயே எரியும். மேலே பரணில் சாமையும் கேழ்வரகும் இருக்கும். அடுப்புப் புகை புல் கூரையின் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறும்.

பிறகு தொகுப்பு வீடுகள் வந்தன. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2011இல் தமிழக அரசு கொண்டுவந்த 300 சதுர அடி பசுமை வீடு, 2016 முதல் பிரதமரின் வீடு கட்டும் திட்டம் என்று கூரை வீடுகளின் இடத்தைக் கான்கிரீட் பிடித்தது. கைக்காசு உள்ளவர்கள் டைல்ஸ் பதித்துக் கண்ணாடி ஜன்னலும் வைத்துவிட்டார்கள். மழைக்கு ஒழுகாத, தீக்குப் பயப்படாத வீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. சமையல் எரிவாயு வந்த வீட்டில் பெண்களின் நுரையீரலுக்குப் புகையிலிருந்தும் விடுதலை கிடைத்தது.

ஆனால் வீடு மாறும்போது வீட்டுக்குள் இருக்கும் காற்றும் மாறுகிறது. அந்தக் காற்றில் நிறமோ மணமோ இல்லாத ஒரு வாயு உண்டு. அதுதான் ரேடான்.

பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே சிறிதளவு யுரேனியம் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. வாயு என்பதால் மண்ணின் துளைகள் வழியே மேலேறும். வெட்டவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப் போகும். மூடிய அறைக்குள் தேங்கும். அதன் அரை ஆயுள் 3.8 நாள். சிதையும்போது உண்டாகும் நுண்துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிரை வீசுகின்றன. நுரையீரல் புற்றுநோயாளிகளில் 3 முதல் 14 விழுக்காட்டினருக்கு ரேடானே காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து, பிடிக்காதவர்களைவிடப் பல மடங்கு. பீடிப் பழக்கத்தை விடாத பெரியவர் இருக்கும் வீடுதான் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அன்றைய மண் வீடு நல்லதா, இன்றைய கான்கிரீட் வீடு கெட்டதா? இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல ரேடான் இடம் கொடுப்பதில்லை.

மண் தரைக்கும் கீழே உள்ள நிலத்துக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. வாயு தடையில்லாமல் உள்ளே வரும். எரியும் அடுப்பு காற்றைச் சூடாக்கி மேலே அனுப்ப, அந்த இடத்தை நிரப்பத் தரையிலிருந்தும் காற்று இழுபடும். போதாததற்கு மண் சுவரிலிருந்து ரேடானின் உடன்பிறப்பான தோரானும் வரும். தோரியத்திலிருந்து பிறக்கும் அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால் சுவரை ஒட்டிப் படுப்பவருக்குத்தான் அதன் பாதிப்பு அதிகம். இந்த வீட்டைக் காப்பாற்றியது ஓட்டைக் கூரைதான்.

கான்கிரீட் வீட்டில் கதை தலைகீழ். விரிசலில்லாத சிமெண்ட் தரை ரேடானை ஓரளவு தடுக்கிறது. ஆனால் தரையும் சுவரும் சேருமிடத்தில் விரிசல் விட்டால், குழாய் நுழையும் துளையைச் சரியாக அடைக்காவிட்டால், வாயு உள்ளே வந்துவிடும். வந்தது வெளியேற வழியில்லை; குளிருக்கு ஜன்னல் சாத்தியிருக்கிறதே! எனவே பழைய வீடு, புதிய வீடு என்று பார்த்து எதையும் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

பாறையைப் பார்த்தாவது சொல்லலாமா? கொல்லிமலையில் பரவலாகக் கிடப்பது சார்னோகைட். சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள அதே வகைப் பாறை. கிரானைட்டோடு ஒப்பிட்டால் இதில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் தோரிய மணலோடு இந்த மலையைச் சேர்த்துப் பேசவே கூடாது. ஆகவே பீதிக்கு இடமில்லை. ஆனாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் அளவு பல மடங்கு வேறுபடலாம் என்பதே உலகெங்கும் கண்ட அனுபவம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1984இல் ஸ்டான்லி வாட்ராஸ் என்பவர் பணியாற்றிய அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி அவரைக் கண்டதும் அலறியது. உலை அப்போது இயங்கவே தொடங்கவில்லை. காரணம் அவர் வீட்டில் தேங்கியிருந்த ரேடான்.

அளக்கும் முறையும் அன்று ஒன்று, இன்று ஒன்று. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீலகிரியின் கூடலூர் போன்ற இடங்களில் வீடு வீடாக அளந்தபோது கையில் இருந்தது எல்.ஆர்.-115 என்னும் பிளாஸ்டிக் படலம். ஒரு சிறு கிண்ணத்துக்குள் அதைப் பொருத்தி அறையில் தொங்கவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப்போய்ச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால், ஆல்ஃபா கதிர் பட்ட இடமெல்லாம் நுண்ணிய துளையாகத் தெரியும். துளைகளை எண்ணினால் அளவு கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. முடிவுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இப்போது உள்ளங்கை அளவு டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன. மேசையில் வைத்தால் எண் தெரியும், சில கருவிகள் செல்போனுக்கே அனுப்பும். வசதிதான், ஆனால் ஒரு நாள் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரேடான் இரவில் ஏறும், பகலில் இறங்கும். குளிர்காலத்தில் ஒன்று, காற்றடிக்கும் ஆடியில் ஒன்று. பல மாதச் சராசரிதான் உண்மை. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது 2009இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. அது முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது.

கூடுதலாக இருந்தால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. காலையில் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரை விரிசலையும் குழாய்த் துளையையும் சிமெண்ட் கொண்டு அடையுங்கள். புதிதாகக் கட்டுவோர் தரைக்கு அடியில் கனமான பாலித்தீன் விரிப்பும், கூரைக்கு மேல் வரை போகும் ஒரு குழாயும் வைத்துவிட்டால், பின்னால் தேவைப்படும்போது விசிறி பொருத்தி வாயுவை வெளியேற்றலாம்.

நாமக்கல், சேலம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். குண்டனி நாட்டில் மிச்சமிருக்கும் கூரை வீடு சில, ஓட்டு வீடு சில, தொகுப்பு வீடு சில, டைல்ஸ் வீடு சில எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு படலம் என்று ஒரு முழு ஆண்டு தொங்கவிடுங்கள். முடிவை ஆய்விதழில் போடுவதற்கு முன் அந்தந்த வீட்டுக்காரரிடம் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர் மூச்சுவிடும் காற்றின் கணக்கு முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும்.