உடலை எடைபோடாத ஆடுகளம்

தரைக்கும் கூரைக்கும் இடையே நிறுத்தப்பட்ட உலோகக் கம்பத்தைப் பற்றியும் சுற்றியும் ஏறியும், அதில் தலைகீழாகத் தொங்கியும் ஆடப்படுவது கம்ப நடனம். நகரப் பேச்சில் 'போல் டான்ஸ்' என்று வழங்கும் இக்கலை, கடந்த முப்பது ஆண்டுகளில் உடற்பயிற்சியாகவும் மேடைக்கலையாகவும் போட்டி விளையாட்டாகவும் வளர்ந்து, மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற இந்திய நகரங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் கற்பிக்கும் கூடங்களில் பல, எந்த எடையும் எந்த வயதும் கொண்டவர் வரலாம் என்னும் கொள்கையைத் தம் அடையாளமாக முன்வைக்கின்றன. அந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி உண்மையாகிறது என்பதை அறிய, காவிரிக் கழிமுகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்துள்ள, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் மரபுகள் எதிர்பாராத அளவுக்குத் துணை செய்கின்றன.

எடை, நிறம், வயது, ஊனம், பாலினம் ஆகிய எதையும் மனித மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளாமல், ஒவ்வோர் உடலையும் மரியாதைக்கு உரியதாக ஏற்கும் நிலைப்பாட்டை உடலேற்பு எனலாம். 1969-இல் அமெரிக்காவில் பருமனானவர்களின் உரிமைக்காகத் தோன்றிய சங்கத்திலும், உணவு உண்பதில் ஏற்படும் மனநலக் கோளாறுகளால் இளம்பெண்கள் படும் துன்பத்தைக் கண்டு 1996-இல் கலிஃபோர்னியாவில் இரு பெண்கள் தொடங்கிய அமைப்பிலும் இதன் வேர்கள் உள்ளன. உடலையே கருவியாகக் கொண்ட நடனத்துக்கு இக்கொள்கை வந்து சேர்ந்தது இயல்பே. ஆனால் அங்கேதான் அது மிகக் கடுமையான சோதனைக்கும் உள்ளாகிறது.

தோலும் கம்பமும்

போட்டிகளில் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பமே பயன்படுகிறது. அசையாமல் நிற்கும் நிலைக்கம்பம், பேரிங் பொருத்தப்பட்டு ஆடுபவரோடு சேர்ந்து சுழலும் சுழற்கம்பம் என அது இரு வகைப்படும். ஆடுபவரைத் தாங்குவது கைகளின் பிடி மட்டுமன்று. தொடை, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களின் வெறுந்தோல் உலோகத்தோடு உராய்வதால் உண்டாகும் பற்றும் அவரைத் தாங்குகிறது. துணி வழுக்கும் என்பதால், உயரே ஏறும் பயிற்சிகளில் கால்சட்டையும் மேற்சட்டையும் குட்டையாக இருப்பது பாதுகாப்புத் தேவையாகிறது. பார்வையாளருக்குக் கவர்ச்சியாகத் தோன்றும் உடைக்குப் பின்னால் இந்த எளிய இயற்பியல் இருக்கிறது.

இந்தத் தேவையே கற்க வருபவரின் அச்சத்துக்கும் காரணமாகிறது. வயிற்று மடிப்பையும் பிரசவத் தழும்பையும் தொடையின் பருமனையும் பல ஆண்டுகளாகத் துணியால் மறைத்துப் பழகிய ஒருவருக்கு, கண்ணாடிகள் பதித்த அறையில் முதன்முறையாக அவற்றைப் பிறர் முன் காட்ட நேர்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் கூடம் அவரை எப்படி நடத்துகிறது என்பதே, அவர் மறுநாள் வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

கம்பத்தின் பல வேர்கள்

இன்றைய கம்ப நடனத்தின் நேரடித் தாயகம் வட அமெரிக்க இரவு விடுதிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே பிழைப்புக்காக ஆடிய பெண்களே இதன் அசைவுகளில் பெரும்பகுதியை உருவாக்கினர். 1990-களுக்குப் பின் அது பயிற்சி வகுப்பாக மாறியது. 2009-இல் சர்வதேசக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. 2012-இல் இலண்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. கலையை எடுத்துக்கொண்டு அதைப் படைத்த பெண்களைக் கீழானவர்களாகப் பேசும் கூடம், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எல்லாரையும் ஏற்கும் கூடமாகாது.

கம்பத்தின்மேலும் கயிற்றின்மேலும் உடலை ஆளும் கலை இந்தியாவுக்கும் தமிழகத்துக்கும் மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூல் மல்லர்களின் கம்பப் பயிற்சியைக் குறிப்பிடுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, விழாக்களத்தில் வாத்திய ஒலிக்கேற்பக் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகளை உவமையாகக் காட்டுகிறது. சங்க காலத்திலேயே இவ்வித்தையைப் பெண் ஊரறிய நிகழ்த்தினாள் என்பதற்கு அதுவே சான்று. மூங்கில்களை நட்டு, அவற்றில் கட்டிய கயிற்றின்மேல் கோலேந்தி நடக்கும் கழைக்கூத்து, காவிரி டெல்டாவின் சந்தைத் திடல்களில் அண்மைக் காலம் வரை மக்கள் கண்ட காட்சி.

மல்லர் கம்பம், வட இந்தியாவில் மல்லகம்பம் என்று அறியப்படுவது, தமிழகத்தில் விழுப்புரத்தை மையமாகக் கொண்டு இன்றும் கற்பிக்கப்படுகிறது. தரையில் நடப்பட்ட மரக்கம்பம், மேலிருந்து தொங்கும் கம்பம், கயிறு என்று இது மூன்று வகைப்படும். உலோகக் கம்பத்தில் எண்ணெய் ஆபத்தாவதற்கு மாறாக, மரக்கம்பத்தில் தோல் கன்றிப்போகாதிருக்க ஆமணக்கெண்ணெய் பூசுவது வழக்கம். மும்பை தாதரில் உள்ள ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திர் என்னும் பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் உதய் தேஷ்பாண்டே இக்கலையைப் பெண்களுக்கும் ஆதரவற்ற சிறுவர்களுக்கும் பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் கற்பித்து, 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மல்லர்க்கு உரியதெனக் கருதப்பட்ட வித்தையை, கண் காணாதவரும் தொட்டுணர்ந்து பழகும் வித்தையாக அவர் மாற்றியது, நல்ல ஆசிரியர் இருக்குமிடத்தில் எல்லா உடலுக்கும் இடம் கிடைக்கும் என்பதை நிறுவுகிறது. இளம் வயதிலேயே ஒரு கையை இழந்த ஆஸ்திரேலியக் கலைஞர் டெப் ரோச் உலகக் கம்ப நடன மேடைகளில் பட்டம் வென்றதும் இதையே உறுதிசெய்கிறது.

காரைக்கால் கற்றுத்தரும் பாடம்

அழகற்றதென உலகம் ஒதுக்கும் உடலுக்கு ஆடலரங்கின் நடுவே இடம் தந்த ஊர் காரைக்கால். புனிதவதி என்னும் வணிகர் குலப் பெண், கணவன் பரமதத்தன் தன்னைத் தெய்வமென அஞ்சிப் பிரிந்த பின், அவனுக்காகச் சுமந்த உடலின் வனப்பைக் களைந்து பேயுரு வேண்டிப் பெற்றதை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூவரே. அவர்களுள் காலத்தால் முந்தியவரும், அற்புதத் திருவந்தாதி முதலிய நூல்களைப் பாடியவருமான புனிதவதி, காரைக்கால் அம்மையார் என்னும் பெயரால் அறியப்படுபவர், திருவாலங்காட்டில் இறைவன் ஆடும்போது அவன் திருவடிக்கீழ் இருந்து பாடும் பேற்றைக் கேட்டுப் பெற்றார்.

அம்மையார் உடலைக் கொண்டாடியவர் அல்லர், துறந்தவர். எனவே அவரை இன்றைய உடலேற்பு இயக்கத்தின் முன்னோடி என்று சொல்வது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். ஆயினும் அவரை வடித்த சோழர் காலச் சிற்பிகள் செய்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. துருத்திய விலா எலும்பு, வற்றித் தொங்கும் மார்பு, குழிந்த வயிறு ஆகியவற்றை எவ்வகையிலும் அழகுபடுத்தாமல், கையில் தாளத்தோடு அமர்ந்து பாடும் மகிழ்ச்சி ததும்பும் முகத்தோடு அவர்கள் அவரை வார்த்தனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள செப்புத் திருமேனி அத்தகையது. நாயன்மார் வரிசையில் பிறர் நிற்க, அவர் மட்டும் அமர்ந்த கோலத்தில் காணப்படுகிறார். மரியாதை பெறுவதற்கு அழகு முன்நிபந்தனை ஆகாது என்னும் கருத்தை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சிற்ப மரபும் சொல்லியிருப்பது அரிது. ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் ஊரே திரண்டு மாம்பழங்களை வீசிக் கொண்டாடுவது இந்தப் பெண்ணின் வரலாற்றையே.

காரைக்காலுக்கு அருகிலுள்ள திருநள்ளாறு, தியாகராசராகச் சிவன் ஆடுவதாகச் சொல்லப்படும் சப்த விடங்கத் தலங்கள் ஏழில் ஒன்று. திருவாரூரில் மூச்சின் இயக்கம் போன்ற அசபா நடனம், நாகையில் கடலலை போன்ற தரங்க நடனம், வேதாரண்யத்தில் அன்னநடை போன்ற அம்சபாத நடனம் என்று ஊருக்கொரு நடை அமைய, திருநள்ளாற்றுக்கு உரியது பித்தன் ஆடுவது போன்ற உன்மத்த நடனம். ஒரே தெய்வத்துக்கு ஏழு நடை வகுத்த இந்த மண்ணில், ஆடலுக்கு ஒரே அளவு, ஒரே வேகம், ஒரே வடிவம் என்ற கட்டளை பொருந்தாது.

இதே டெல்டா, ஆடும் உடலை இழிவுபடுத்திய கதையையும் தாங்கியிருக்கிறது. கழைக்கூத்தாடிக் குடும்பங்களின் வித்தையைக் கைதட்டி ரசித்தவர்கள் அவர்களைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர விட்டதில்லை. கோயில்களில் சதிர் ஆடிய பெண்கள், 1947-ஆம் ஆண்டு தேவதாசி முறை ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய விவாதங்களில் பெரும்பாலும் ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகவே பேசப்பட்டனர். அவர்கள் கலை மட்டும் பரதநாட்டியம் என்னும் பெயரில் மேல்தட்டு மேடைகளை அடைந்தது. திருநங்கையான நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் நால்வர் எனப்பட்ட நடன ஆசான்களின் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டு பயின்று 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றது, மூடிய கதவை ஓர் ஆசிரியர் திறந்ததால் கலைக்கு நேர்ந்த நன்மை. ஆடலைப் பாராட்டி ஆடுபவரைத் தள்ளும் வழக்கத்தைக் கம்ப நடனக் கூடம் மீண்டும் நிகழ்த்தலாகாது.

கூடத்தை அமைக்கும் முறை

சிறு நகரம் ஒன்றில் அத்தகைய கூடம் எழுமானால், அதன் ஏற்பு மனப்பான்மை முதலில் கட்டடத்திலும் கருவியிலும் தெரிய வேண்டும். தரைக்கும் கூரைக்கும் இடையே அழுத்தத்தால் நிற்கும் கம்பம் ஓட்டுக்கூரைக்குப் பொருந்தாது; கான்கிரீட் உத்திரத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டு, கனமான உடலின் சுழற்சி விசையையும் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட கம்பமே தேவை. 'உங்கள் எடையைக் கம்பம் தாங்காது' என்று ஒருவரிடம் சொல்ல நேர்வது கருவியைத் தேர்ந்தவரின் தவறு. சிறிய கைகளுக்கு மெல்லிய கம்பமும், கடற்கரை ஈரப்பதத்தில் குரோமியப் பூச்சைவிட நன்றாகப் பற்றும் பித்தளைக் கம்பமும், அடியில் தடித்த மெத்தையும் இருக்க வேண்டும். வகுப்புக்கு முன் தேங்காயெண்ணெயோ களிம்போ பூசக்கூடாது என்பதை முதல் நாளே விளக்க வேண்டும்.

அடுத்தது கற்பிக்கும் முறை. பருமனான உடலுக்குத் தோளிலும் மணிக்கட்டிலும் சுமை கூடும். தொடைப்பிடியில் அதே உடலுக்குத் தோற்பரப்பு கூடுதலாகக் கிடைத்துப் பற்று வலுக்கவும் கூடும். ஆகவே ஒவ்வோர் அசைவுக்கும் இரண்டு மூன்று வழிகளை அறிந்த ஆசிரியர் தேவை. தலைகீழாகத் தொங்குவதை மட்டும் முன்னேற்றம் என்று கருதாமல், கம்பத்தைச் சுற்றி நடத்தல், தரை அசைவுகள், எளிய சுழற்சிகள் ஆகியவற்றையும் முழுமையான நடனமாக மதித்தால், மூட்டுவலி உள்ளவரும் நடுவயதினரும் கற்றுக்கொண்டே இருப்பர். சேரும்போது எடை பார்ப்பதையும், இளைப்பதற்கு முன்பும் பின்பும் என்று படங்களை மாட்டுவதையும் தவிர்த்து, பழைய காயம், இரத்த அழுத்தம், அறுவைச் சிகிச்சை பற்றி மட்டும் தனிமையில் கேட்டறிவது போதும். 'எவ்வளவு இளைத்துவிட்டாய்' என்னும் பாராட்டுகூட, அருகில் நிற்கும் இன்னொருவரைக் காயப்படுத்தும்.

உடை, தொடுதல், படமெடுத்தல் ஆகிய மூன்றிலும் கற்பவரின் சம்மதமே விதியாக வேண்டும். தொடக்கப் பயிற்சிகளை நீண்ட உடையிலேயே செய்யலாம். பற்றும் தன்மை ஊட்டப்பட்ட லெக்கிங்ஸும் கிடைக்கின்றன. இந்து, முஸ்லிம், கிறித்துவக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் காரைக்காலில், திரையிட்ட அறையும் பெண்களுக்கு மட்டுமான நேரமும், தலைமறைப்பைக் கழற்றாமல் பழகும் உரிமையும் இருந்தால்தான் பலருக்கு வாசல் திறக்கும். அந்தப் பெண்கள் நேரத்தில் திருநங்கையருக்கும் இடம் உண்டு என்பது தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். விழாமல் தாங்கிப் பிடிக்கும் ஆசிரியர், எங்கே தொடப்போகிறார் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற்ற பின்பே தொட வேண்டும். சொந்த ஊரில் முகம் தெரிவதால் வரும் விளைவுகள் பெண்களுக்குக் கடுமையானவை என்பதால், கேட்காமல் ஒரு படமும் இணையத்தில் ஏறக்கூடாது.

முறையீடு செய்ய வழி இல்லாத இடத்தில் மரியாதை நிலைக்காது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் உள்ளகக் குழுவை அமைக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவிலான குழு உண்டு. இந்த விவரத்தைச் சுவரில் எழுதி வைப்பது எளிது. வருவாய்க்கேற்ற கட்டணம், கடைசிப் பேருந்துக்கு முன் முடியும் வகுப்பு, படியேற இயலாதவருக்குக் கீழ்த்தள அறை ஆகியவை சற்றே செலவு வைக்கும்; ஆனால் எல்லாரும் வரலாம் என்னும் அழைப்பை நம்பத்தக்கதாக்குபவை அவையே.

பேயுருவில் அமர்ந்து தாளமிட்ட ஒரு பெண்ணை அம்மையே என்று இறைவன் அழைத்ததாக நம்பும் ஊர், தன் தெருவில் வாழும் பருமனான பெண்ணையும் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் இளைஞரையும் திருநங்கையையும் ஆடலுக்கு உரியவர்களாக ஏற்பது அதன் மரபுக்கு அந்நியமானதன்று. கம்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, அதன் அருகே யார் வர முடியவில்லை, ஏன் வர முடியவில்லை என்று கேட்பதே கூடம் நடத்துவோரின் முதற்கடமை. பெற்றோரும் கணவன்மாரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: ஆட விரும்பும் உடலை இளைத்த பிறகு ஆடலாம் என்று காக்க வைக்காமல், இன்றுள்ள வடிவிலேயே வகுப்புக்கு அனுப்புவது.