இருக்கிற இடத்தில் நடுதல்

“சுவாமி, அடுத்த மாதம் ஊருக்குப் போயிடுவம். இங்கை கன்று வைச்சு என்ன செய்யிறது?”

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுள் பலர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். அவர்களுள் ஒரு கமக்காரர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. மாரி மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் தமது மேட்டுநிலத்தில் ஒரு துண்டைச் செய்யத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே ஒரு மிளகாய்க் கன்றை ஊன்றினால், விட்டு வந்த செம்மண் தோட்டத்தைக் கைகழுவியதாகிவிடும் என்று அவர் மனம் அஞ்சியது. நாங்களும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. “ஆண்டவர் கெதியிலை வழி திறப்பார்” என்று ஆறுதல் கூறிவிட்டு வந்தோம். மண்ணின் ஈரம் காய்ந்தது. அந்த மாரி வீணாய்ப் போயிற்று.

பின்னர் எரேமியாவின் நூலைத் திரும்ப வாசித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களும் நம்மைப் போல நாளெண்ணிக்கொண்டு இருந்தவர்களே. இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்பவன் எருசலேமில் நின்று முழங்கினான். கேட்பதற்கு இனிமையான பேச்சு. எரேமியாவோ அந்த மக்களுக்கு மடல் எழுதி, வீடு கட்டும்படியும், தோட்டம் செய்து அதன் பயனை உண்ணும்படியும், பிள்ளைகளுக்கு மணமுடித்து வைக்கும்படியும் கேட்டார். அந்நிய நகரின் நலனுக்காகச் செபிக்கவும் சொன்னார். திரும்புவதற்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அப்படியானால் எரேமியாவுக்கு ஊர்ப்பற்று இல்லையா? அதே நூலின் 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருந்த வேளை. எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது அனத்தோத்தில் இருந்த உறவினரின் வயலைப் பதினேழு செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார்! சாட்சிகள் கையொப்பமிட, உறுதியை மண்சாடியில் இட்டு வைக்கச் சொல்கிறார், நெடுங்காலம் பழுதாகாதிருக்க. காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடி வந்த தாய்மாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் ஒரே மனிதரே செய்தார். இருக்கிற இடத்தில் நடுவது ஊரை மறப்பதல்ல. ஊரின் உறுதியைக் காப்பது இங்கே கைகட்டி இருப்பதற்குச் சாட்டுமல்ல.

ஆனாலும் வருகிற வாய்ப்பெல்லாம் இறைவன் தருவதென்று கொள்ளலாமா? முடியாது. வாசலுக்கே வந்து, இன்றைக்கே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தும் வட்டிக் கடனும் வாய்ப்புப் போலத்தான் வருகிறது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லும் முகவரும் அப்படியே. மனம் இருண்டு தளர்ந்திருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றவேண்டாம் என்பது புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை. கொட்டிலுக்குள் குழந்தை காய்ச்சலோடு கிடக்கும் இரவில் காணியை விற்கத் தீர்மானிக்காதீர்கள். விடியட்டும். செபியுங்கள். மனைவியோடு, அயலில் உள்ள நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள். நாலு நாளின் பின்னும் மனதில் அமைதி நிலைத்தால் அடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் நாங்கள் கண்டோம். இறைவன் தரும் வாய்ப்பு பெரும்பாலும் சின்னதாகவே இருக்கிறது. பயறு அறுபது, எழுபது நாளில் கைக்கு வரும். மண்ணுக்கும் உரம் சேர்க்கும். அதற்கு ஊர் திரும்பும் திகதி தெரிந்திருக்கத் தேவையில்லை. மழை ஈரமும் ஒரு கொத்து விதையும் போதும். விதை கொடுக்கிற எங்களைப் போன்றவர்கள் மழைக்கு முன்னரே கொண்டு வந்து கொடுத்தால்! (அந்தப் பிழையையும் நாங்கள் விட்டிருக்கிறோம். மார்கழியில் கொடுத்த விதையை மக்கள் அவித்துத் தின்றார்கள். அவர்களில் குற்றமில்லை.)

அடுத்த வருட மாரியில் அந்தக் கமக்காரரை மீண்டும் சந்தித்தோம். கொட்டிலின் பின்புறம் நாலு பாத்தி பயறு. வேலியோரம் ஊன்றிய முருங்கைத் தடிகள் துளிர்த்திருந்தன. உள்ளே, மழை ஒழுகாத பக்கமாகப் பார்த்து, பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதியைக் கிடுகுக்குள் செருகி வைத்திருந்தார்.