மின்னூல் யாருடைய அலுமாரியில் இருக்கிறது?

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமேசன் நிறுவனத்தின் கிண்டில் வாசிப்புக் கருவிக்காக ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்த அமெரிக்க வாசகர்கள் பலரின் கருவிகளிலிருந்து அந்த இரண்டு நூல்களும் திடீரென மறைந்துபோயின. அந்தப் பதிப்பை விற்றவரிடம் அதற்கான உரிமை இருக்கவில்லை. அது தெரியவந்ததும், அமேசன் தான் இருந்த இடத்தில் இருந்தபடியே வாசகர்களின் கருவிகளுக்குள் புகுந்து நூல்களை அழித்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தது. பாடசாலை வேலைக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு அந்த உழைப்பும் வீணாய்ப் போனது. பழைய பத்திரிகைகளை அழித்து வரலாற்றைத் திருத்தி எழுதும் ஓர் அரசைப் பற்றிய நாவல்தான் ‘1984’ என்பதால் செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஜூலையில் நம்மவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் இருந்தார்கள். கிண்டிலில் ஒரு நாவல் மறைந்த செய்தி அங்கே யாரையும் எட்டியிருக்க நியாயமில்லை. எட்டியிருந்தாலும் பெரிய விடயமாகத் தோன்றியிராது. நூல் அழிவது பற்றி நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் வெளியேறியபோது அரிசியும் உடுப்பும்தான் சைக்கிளில் ஏறின. புத்தக அலுமாரி வீட்டிலேயே நின்றது. வன்னியில் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்குள் எதைக் கொண்டு போனோம், எதை விட்டோம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

ஆகவே மின்னூல் என்ற சங்கதி வந்தபோது அதன் வசதியை விட ஒரு குணம்தான் நமக்கு முக்கியமாகப் பட்டது: ஒரு கோப்பை எத்தனை பிரதியும் எடுக்கலாம், எத்தனை நாட்டிலும் வைக்கலாம். ஓரிடத்தில் தீ வைத்தால் இன்னோரிடத்தில் இருக்கும்.

இந்த எண்ணத்தை முதலில் செயலாக்கியவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் சங்க இலக்கியம் முதற்கொண்டு பழந்தமிழ் நூல்களைக் கையால் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஈழத்து நூல்களுக்கென்றே 2005இல் நூலகம் திட்டம் வந்தது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடியெடுத்த நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் அதில் இன்று யாரும் காசு கட்டாமல் வாசிக்கக் கிடைக்கின்றன. அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்களைக்கூட அவர்கள் சேர்க்கிறார்கள். வீட்டில் பழைய தாள் என்று கழிப்பதுதான் அது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஊரும் உறவும் இடப்பெயர்வும் வேறெங்கும் அப்படி எழுதப்பட்டிராது.

கிண்டில் கடையில் வாங்கும் நூலும், நூலகத்திலிருந்து தரவிறக்கும் நூலும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. பின்னையது கோப்பு, உங்கள் கணினியில், ஒரு பென் டிரைவில், மருமகளின் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். முன்னையது பெரும்பாலும் அனுமதி. கடையின் நிபந்தனைகளைப் பொறுமையாக வாசித்தால், நீங்கள் நூலை வாங்கவில்லை, வாசிக்கும் உரிமத்தைத்தான் பெற்றிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். நூலுக்குப் பூட்டு ஒன்று போடப்பட்டு, திறப்பு கடைக்காரரிடம் இருக்கும். கடை மூடினால் திறப்பும் போய்விடும். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது மின்னூல் கடையை 2019இல் மூடியபோது இதுதான் நடந்தது. வாங்கியவர்களுக்குக் காசு திரும்பி வந்தது, நூல்கள் வாசிக்க முடியாமற் போயின. 2025 பெப்ரவரியில் அமேசன், வாங்கிய மின்னூலைக் கணினிக்கு இறக்கி வயர் மூலம் கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்தியது. அவ்வாண்டு ஜனவரி முதல் கலிபோர்னியா மாநிலத்தில், இத்தகைய பொருளை விற்கிறவர் அது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய அளவுக்கு அது மறைந்து கிடந்தது.

நூலகங்களின் பாடு இன்னும் சிக்கல். ஓர் அச்சுநூலை நூலகம் ஒருமுறை வாங்கினால், அட்டை கிழியும் வரை இரவல் கொடுக்கலாம். கிழிந்தால் ஒட்டிவிட்டுக் கொடுக்கலாம். மின்னூல் கிழியாது என்பதால் பதிப்பகங்கள் தாங்களே ஒரு கிழிசலைக் கண்டுபிடித்தன. 2011இல் ஹார்ப்பர் கொலின்ஸ் பதிப்பகம், தனது மின்னூலை ஒரு நூலகம் 26 தடவை இரவல் கொடுத்ததும் மறுபடி காசு கட்டி வாங்கவேண்டும் என்றது. வேறு பெரிய பதிப்பகங்கள் இரண்டு வருடத் தவணை வைத்தன. இதனால் மேற்குநாட்டு நூலகங்கள் ஒரே நூலுக்குத் திரும்பத் திரும்பக் காசு கட்டுகின்றன. அந்த வரவுசெலவுத் திட்டம் முடிந்துபோனால் அலுமாரி வெறுமையாகிவிடும். இன்ரர்நெற் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க எண்ணிம நூலகம், தான் வைத்திருந்த அச்சுநூல்களை வருடி, ஒரு பிரதிக்கு ஒருவர் என்ற கணக்கில் இரவல் கொடுத்துவந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்தக் கட்டுப்பாட்டையும் சில வாரங்கள் தளர்த்தியது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023இலும் மேன்முறையீட்டில் 2024இலும் நூலகம் தோற்றது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. எழுத்தாளருக்கும் வயிறு இருக்கிறது என்ற பதிப்பகங்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நூலகம் நூலைச் சொந்தமாக வைத்திருக்கவே முடியாது என்ற நிலை வந்தால், அதை நூலகம் என்று அழைப்பதில் என்ன இருக்கிறது?

நமது பிரதேச சபை நூலகங்களுக்கு இந்தத் தலையிடி இன்னும் பெரிதாக வரவில்லை. நமது எழுத்தாளர்களுக்கு வந்துவிட்டது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்ததன் பின், நூல் போடுவது எளிதாகிவிட்டது. இங்கே அச்சில் ஒரு நூல் போடும் கதை தெரிந்ததுதானே: 300 அல்லது 500 பிரதி, பெரும்பாலும் ஆக்கியோனின் சொந்தக் காசு, ஒரு வெளியீட்டு விழா, மிஞ்சியவை கட்டிலுக்குக் கீழே. 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன; கவிதைத் தொகுதிக்கு எங்கே தாள்? ரொறன்ரோவுக்கு ஒரு நூலைத் தபாலில் அனுப்பும் செலவு நூலின் விலையை மிஞ்சும். மின்னூலில் இந்தச் செலவுகள் எதுவும் இல்லை. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறவரை ஒஸ்லோவில் இருக்கிற வாசகர் அன்றிரவே வாசிக்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கிண்டிலில் நூல் ஏற்றும்போது, ‘செலெக்ட்’ என்ற திட்டத்தில் சேரச் சொல்லி அமேசன் அழைக்கும். சேர்ந்தால், மாதச் சந்தா கட்டி வாசிப்பவர்களிடமிருந்தும், வாசிக்கப்படும் பக்கங்களுக்கு ஏற்பப் பணம் வரும். அதற்குப் பதிலாக 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக்கூடாது. விலக்கிக்கொள்ளாவிட்டால் தவணை தானாகப் புதுப்பிக்கப்படும். உங்கள் இணையத்தளத்திலும் வைக்க முடியாது, நூலகம் திட்டத்துக்கும் கொடுக்க முடியாது. அச்சுப்பிரதிக்கு இந்தத் தடை இல்லை. கனடாவிலும் இந்தியாவிலும் வாசகர் உள்ளவருக்கு இது நல்ல வியாபாரமாக இருக்கலாம். காணாமலாக்கப்பட்டோரின் சாட்சியங்களைத் தொகுத்தவருக்கும் ஓர் ஊரின் வரலாற்றை எழுதியவருக்கும் அது பொருந்தாது என்பது என் எண்ணம்.

இனி, இருக்கிற மின்னூலிலும் எல்லாம் ஒரே தரமல்ல. நம்மிடம் உள்ள பெரும்பான்மை வருடிய பக்கங்களின் படங்கள். ஆய்வாளருக்கு அது போதும். சின்னத் தொலைபேசியில் ஒவ்வொரு வரியையும் விரலால் இழுத்து இழுத்து வாசிக்கிறவருக்குப் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். ஒருங்குறி எழுத்தில் ஈபப் வடிவத்தில் செய்த நூல் திரைக்கேற்பத் தானே மடியும், எழுத்தைப் பெருப்பிக்கலாம், ஒரு சொல்லைத் தேடலாம்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. போரில் பார்வையை இழந்தவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். இன்றைய அன்ரொயிட் தொலைபேசி தமிழை வாசித்துக் காட்டும். பேச்சு கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும் ஒரு நாவலை முழுதாகக் கேட்க முடியும். ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். வருடிய பக்கம் அதற்கு வெறும் புகைப்படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் நன்றாக வேலை செய்கின்றன என்றாலும், பழைய அச்சில் பிழை மலியும், ஒருவர் இருந்து திருத்தவேண்டும். பழைய கோப்பு கையில் இருந்தாலும் தொல்லை முடியாது. நமது அச்சகங்களில் நெடுங்காலம் நூல்கள் பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டன. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு, மாற்றியபின் மெய்ப்புப் பார்க்கவும் வேண்டும்.

இதையெல்லாம் செய்ய ஆள் கிடைத்தாலும் கடைசியாக ஒரு கேள்வி நிற்கும்: யாரிடம் அனுமதி கேட்பது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இலங்கையில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்து 70 வருடங்களும் நீடிக்கும். 1987இல் இறந்த ஓர் எழுத்தாளரின் நூலுக்கு 2057 வரை உரிமையாளர் இருப்பார். அந்த உரிமையாளர் யார்? ஒரு மகன் போரில் இல்லை, ஒரு மகள் பிரான்சில், மற்றவரின் முகவரி தெரியாது. நூலின் ஒரே பிரதி யாரோ ஒருவரின் வீட்டில் கறையான் அரித்துக்கொண்டிருக்கும். இப்படி உரிமையாளர் யாரென்று தெரியாமல் அநாதையாகக் கிடக்கும் நூல்கள் எங்கும் உண்டு. சிதறிப்போன சமூகத்தில் அவை அதிகமாகத்தான் இருக்கும்.

இறந்தவர்களிடம் கேட்க வழியில்லை. இருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது அதிகமில்லை. அச்சகத்தில் நூல் முடிந்ததும் பிரதிகளோடு கோப்பையும், அதில் பயன்படுத்திய எழுத்துருவையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அச்சகத்தார் கணினியை மாற்றினால் அது போய்விடும். அதை இரண்டு நாட்டில் உள்ள இரண்டு பேருக்காவது மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். நூலின் இரண்டாம் பக்கத்தில், பதிப்புரிமை வரிக்குக் கீழே, இந்த நூலை எண்ணிம வடிவில் பேணவும் பார்வையற்றோருக்கான வடிவத்தில் ஆக்கவும் அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வெளிவந்த நூல் என்றால், அதையே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமும் திகதியும் இட்டு, வீட்டுக் காணி உறுதியோடு வைத்துவிடலாம்.