கரி நூலில் ஒரு கார் மூடி!

காரின் முன்பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பெரிய தகடுக்கு "பானெட்" என்று பெயர். பெரும்பாலான கார்களில் அது இரும்புத் தகடு. கழற்றித் தூக்க வேண்டுமானால், ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் சில வீடுகளில் ஓர் ஆளே பானெட்டைக் கழற்றுகிறார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்!

அவர் பயில்வானா? இல்லை. அந்தப் பானெட் இரும்பு அல்ல. கரி!

ஆம். கரியில் நூல் எடுத்து, அந்த நூலைத் துணியாக நெய்து, துணியைப் பிசினில் ஊறவைத்துச் செய்த பானெட் அது. செய்தது பெரிய தொழிற்சாலையும் அல்ல. கார் நிறுத்தும் ஷெட்டில், விடுமுறை நாட்களில், அவரே தம் கையால் செய்தது!

அது எப்படி முடிகிறது? அதை நம்பிக் காரில் ஏறலாமா? பார்ப்போம்.

கரியில் நூலா?

"அடுப்புக் கரியை நசுக்கினால் பொடியாகிவிடுமே! அதில் எப்படி நூல் எடுப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கரியிலிருந்து நூல் எடுப்பதில்லை. நூலைத்தான் கரியாக்குகிறார்கள்!

விறகைக் கரியாக்க மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் உள்ளே கனிய விடுவார்கள். காற்று தாராளமாகப் புகுந்தால் விறகு சாம்பலாகிவிடும். புகாவிட்டால் கரி கிடைக்கும்.

கரி நூலும் இப்படித்தான். கம்பளிச் சட்டை பின்னுவதற்கு "அக்ரிலிக்" என்ற செயற்கை நூல் இருக்கிறது அல்லவா? அந்த இனத்தைச் சேர்ந்த நூலை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். பிறகு காற்றே இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றப் பொருள்கள் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது கரி. இதற்குக் "கார்பன் நூல்" என்று பெயர்.

அதன் ஒரு இழை, தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருமன்தான். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்தால்தான் நெய்வதற்கு ஏற்ற ஒரு புரி கிடைக்கும். ஆனால், ஒரே எடையுள்ள இரும்புக் கம்பியையும் கார்பன் நூலையும் இழுத்துப் பார்த்தால், கார்பன் நூலே அதிகம் தாங்கும்!

கரி இழை நமக்குப் புதியது அல்ல. 1879-ம் ஆண்டு எடிசன் செய்த மின்சார விளக்கில் எரிந்ததும் கரியாக்கிய பருத்தி நூல்தான். ஆனால், அந்த இழைக்கு இவ்வளவு பலம் இல்லை. ஜப்பானில் அக்கியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி அக்ரிலிக் நூலைக் கரியாக்கிக் காட்டினார். 1963-ம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற ஊரில் உள்ள அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில், வில்லியம் வாட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சூட்சுமத்தைக் கண்டார்கள். முதல் சூட்டின்போது நூலைச் சுருங்க விடக்கூடாது. விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பலம் பல மடங்கு கூடுகிறது!

பறவை உடைத்த விசிறி

உடனே ஆகாய விமானக்காரர்கள் ஓடி வந்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி தன் புதிய விமான என்ஜினின் முன்பக்க விசிறி இறக்கைகளைக் கார்பன் நூலில் செய்தது. எடை வெகுவாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால், ஒரு சோதனை பாக்கி இருந்தது. பறக்கும்போது பறவை வந்து மோதினால் தாங்குமா? 1970-ம் ஆண்டு, ஓடும் விசிறிமீது பறவையின் உடலை வேகமாக எறிந்து பார்த்தார்கள். இறக்கைகள் தூள் தூளாகச் சிதறின!

கம்பெனி கார்பன் இறக்கையைக் கைவிட்டு, டைட்டானியம் என்ற உலோகத்துக்குத் திரும்பியது. அந்த என்ஜினுக்கான செலவு எல்லை மீறியது. 1971 பிப்ரவரியில் கம்பெனியே திவாலாகி, அரசாங்கம் கையில் எடுக்க நேர்ந்தது. திவாலுக்கு இறக்கை ஒன்றே காரணம் அல்ல. ஆனாலும் உலகம் ஒரு பாடம் படித்தது. இழுத்தால் தாங்கும் பொருள், இடித்தாலும் தாங்கும் என்று எண்ணிவிடக்கூடாது!

உயிர் தப்பிய வீரர்

பத்து ஆண்டுகள் கழித்து, அதே கார்பன் ஓர் உயிரைக் காத்தது.

1981-ம் ஆண்டு. ஜான் பர்னார்ட் என்ற பொறியாளர், மக்லாரன் கம்பெனிக்கு ஒரு பந்தயக் காரை வகுத்தார். ஓட்டுகிறவர் உட்காரும் கூடு முழுவதும் கார்பன். கிராண்ட் பிரீ பந்தயக் கார்களில் அப்படிப்பட்ட கூடு அதுதான் முதல். "இது மோதினால் பொடியாகும்" என்று பலர் பயமுறுத்தினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மான்சா நகரில் பந்தயம். ஜான் வாட்சன் என்ற வீரர் ஓட்டிய அந்தக் கார், வேகமாகப் போய்த் தடுப்பில் மோதியது. என்ஜின் தனியாகப் பிய்ந்து போயிற்று. கூட்டம் திகைத்து நின்றது. கூடு உடையவில்லை. வாட்சன் காயமில்லாமல் இறங்கி நடந்து வந்தார்!

ஒரே கார்பன். ஓரிடத்தில் சிதறியது, ஓரிடத்தில் காத்தது. எந்த இடத்தில் வைக்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷெட்டுக்குள் வந்தது

வீட்டு ஷெட்டில் கார் செய்வது இங்கிலாந்தில் பழைய வழக்கம். 1948-ல் காலின் சாப்மன் என்ற இளைஞர், தாம் மணக்க இருந்த பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பழைய ஆஸ்டின் காரைப் பிரித்துப் பந்தயக் கார் செய்தார். பேர்பெற்ற "லோட்டஸ்" கார்களில் முதல் கார் அதுதான்.

அந்த வழியில் வந்தவர்கள்தாம் இப்போது கார்பன் துணியை விலைக்கு வாங்கி, பானெட்டும் கண்ணாடிக் கூடும் செய்கிறார்கள். ஒரு ஷெட்டுக்குள் நுழைந்து பார்ப்போமா?

முதல் வேலை, அச்சு எடுப்பது. பழைய பானெட்டைக் கழற்றி, கழுவித் துடைத்து, மெழுகு பூசுகிறார்கள். ஒரு தடவை அல்ல. ஐந்தாறு தடவை! ஒவ்வொரு தடவையும் முகம் தெரியும்படி தேய்க்க வேண்டும். ஓர் இடத்தில் மெழுகு விட்டுப்போனால், அச்சும் பானெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் வீண்!

மெழுகின்மேல் பிசினையும் கண்ணாடி நூல் விரிப்பையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காய விட்டால் அச்சு தயார். பழைய பானெட்டில் ஒரு கீறல் இருந்தால் அச்சிலும் இருக்கும். அச்சில் இருந்தால் புதிய பானெட்டிலும் இருக்கும்.

அடுத்தது துணி. கார்பன் துணியும் நம் தறித் துணி மாதிரிதான். பாவும் உண்டு, ஊடையும் உண்டு. பலர் விரும்புவது ஜீன்ஸ் துணியைப்போல் சாய்வுக் கோடு விழும் நெசவு. நூல் ஓடும் திசையில்தான் பலம் இருக்கும். ஆகையால் ஓர் அடுக்கு நேராக, ஓர் அடுக்கு சாய்வாக என்று மாற்றி மாற்றி விரிக்கிறார்கள். இடையில் இலேசான நுரைப் பலகை வைப்பதும் உண்டு. காகித அட்டைப் பெட்டியின் நடுவே நெளி நெளியான தாள் இருந்து விறைப்புக் கொடுக்கிறதே, அதே தந்திரம்!

காற்றே கூலியாள்

துணியின்மேல் ஒரு வலையை விரித்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரங்களைப் பசை நாடாவால் ஒட்டுகிறார்கள். ஒரு குழாய் வழியாகப் பம்ப் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுகிறது.

இப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்று, ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 10 டன் அழுத்தம் கொடுக்கிறது. இரண்டு பெரிய யானைகளின் பாரம்! இரு பக்கமும் காற்று இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. உறைக்குள் காற்றை எடுத்துவிட்டதும், வெளிக்காற்று அந்தப் பாரத்தோடு துணியை அச்சில் அமுக்குகிறது. தொழிற்சாலையில் பிரஷர் குக்கர் போன்ற ராட்சச அடுப்பில் நடக்கும் காரியத்தை, ஷெட்டில் ஓரளவுக்கு வெறும் காற்றே செய்துவிடுகிறது. கூலி கிடையாது!

பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஊசி முனை அளவு ஓட்டை போதும், எல்லாம் பாழ். காதை வைத்துக் கேட்டு, ஓட்டையைத் தேடி அடைக்கிறார்கள். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்.

முள் அசையாமல் நின்றால், எபாக்சி பிசினும் ஹார்டனரும் தராசில் நிறுத்துக் கலக்கப்படுகின்றன. உடைந்த பொருளை ஒட்ட இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் பசை வீடுகளில் உண்டே, அதே ஜாதி. குழாயைத் திறந்ததும், மழை ஈரம் சுவரில் ஏறுவதுபோல் பிசின் துணியில் பரவுகிறது. ஒரு நாள் காய விட்டு, அச்சிலிருந்து பிரித்தால், கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும் பானெட்! வெயிலில் பிசின் மஞ்சளாகாமல் இருக்க, மேலே ஒரு பூச்சும் கொடுக்கிறார்கள்.

ஜாக்கிரதை! ஜாக்கிரதை!

பார்க்க விளையாட்டுபோல் இருக்கும். ஆனால், அபாயம் உண்டு.

பிசினுக்குக் கோபம் வரும்! கலந்த பிசினைக் குவளை நிறைய அப்படியே வைத்தால் தானாகவே சூடேறும். கொதித்துப் புகையும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

பிசின் கையில் படக்கூடாது. பட்டுப் பட்டு ஒரு நாள் உடம்புக்கு ஒவ்வாமல் போனால், ஆயுள் முழுவதும் அந்த ஒவ்வாமை தொடரலாம். கையுறை அவசியம். பானெட்டின் ஓரத்தை அறுக்கும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. முகமூடி அவசியம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தூள் மின்சாரச் சாதனத்துக்குள் புகுந்தால் கோளாறு. குழந்தைகளை ஷெட்டுப் பக்கமே விடக்கூடாது.

இரும்பு சொல்லும், கரி சொல்லாது

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. அது செய்தவருக்கு மட்டும் அல்ல. காரில் ஏறும் மனைவி மக்களுக்கும், சாலையில் போகும் மற்றவர்களுக்கும்!

இரும்புக்குப் பாரம் தாங்காவிட்டால் முதலில் வளையும். பார்த்ததும் தெரிந்துவிடும். கார்பன் அப்படி வளைந்து காட்டாது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். ஒரு நாள் படீரென்று முறியும்.

ஆகையால், விஷயம் தெரிந்தவர்கள் தமக்குத் தாமே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். மூடி, உறை, அலங்காரம் ஆகியவற்றைச் செய்யலாம். சக்கரத்தைத் தாங்கும் பாகம், ஸ்டீயரிங் பாகம், பிரேக் பாகம், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. அவை உயிரைத் தாங்குபவை. பந்தயக் கார்க் கம்பெனியில் அவற்றைக் கார்பனில் செய்தால், எத்தனையோ துண்டுகளை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்டுகிறவரிடம் கொடுப்பார்கள். ஷெட்டில் அந்தச் சோதனைக்கு வசதி ஏது?

பானெட்டிலும் ஓர் இடம் உண்டு. பூட்டு மாட்டும் இடம். அங்கே உலோகத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், வேகமாகப் போகும்போது காற்று உள்ளே புகுந்து மூடியைப் பிய்த்துக் கண்ணாடிமேல் அடிக்கும். அலுமினியத் தகடாக இருந்தால், அது கார்பனை நேராகத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

தட்டிப் பார்!

உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு நாணயத்தை எடுத்து, பானெட்டை இடம் இடமாகத் தட்டிப் பார்க்கிறார்கள். "டிங்" என்று கேட்டால் நல்லது. "டொக்" என்று மந்தமாகக் கேட்டால், அங்கே அடுக்கு விட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆகாய விமானங்களிலும் இப்படித் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு!

இது நமக்குப் புதிதா? சந்தையில் மண்பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்மணி என்ன செய்கிறாள்? பானையைத் தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்க்கிறாள். வெளியழகைக் கண்டு ஏமாறுவதில்லை.

கார்பன் பானெட்டின் பளபளப்பு, செய்தவரின் ஆசையைக் காட்டும். தட்டினால் வரும் ஓசைதான் அவருடைய பொறுமையைக் காட்டும். "டொக்" என்று கேட்டதும், இத்தனை நாள் உழைப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் மெழுகு பூச உட்காருகிறாரே, அவர் செய்த மூடியைத்தான் நம்பிக் காரில் மாட்டலாம்!